செயின்ட் டேவிட் கோட்டை, தேவனாம்பட்டினம்: போகலாமா, எப்படிப் போகலாம்

கோட்டை என்றதும் செஞ்சியின் மலையும் படிகளும், தரங்கம்பாடியின் பூசி மெழுகிய மதிலும் மனத்தில் ஓட, கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களிடம் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் அப்படி எதுவும் கிடையாது. டிக்கெட் கவுன்டர், கைடு, ஏறிப் பார்க்கக் கொத்தளம் என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். செங்கல் சுவரின் துண்டுகளும் மேடு பள்ளமும் முள்ளும்தான். சுவரைப் பார்க்க வந்தவர் கால் மணி நேரத்தில் அலுத்துப்போய் சில்வர் பீச்சுக்கு நடந்துவிடுவார். இடத்தைப் பார்க்க வந்தவருக்கு அரை நாள் நன்றாகவே தேறும். மதிப்பெண் போடச் சொன்னால் கட்டடத்துக்கு ஐந்துக்கு ஒன்று, பராமரிப்புக்கு அதுவும் இல்லை, இடத்துக்கு மட்டும் தாராளமாக நான்கு.

மிச்சம் ஏன் இவ்வளவு குறைவு என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் பாதியாகிவிடும். மழையும் உப்புக்காற்றும் இந்தக் கோட்டையைத் தின்றது பிற்பாடுதான். முதலில் தின்றது வெடிமருந்து. 1758 ஏப்ரல் கடைசியில் பாண்டிச்சேரியில் வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, உடனே படையைத் தெற்கே திருப்பினார். ஜூன் 2-ம் தேதி கோட்டை சரணடைந்தது. பிடித்ததை வைத்துக்கொள்ளாமல் இடித்துத் தள்ளச் சொன்னார். இதற்கு ஆங்கிலேயர் பழி தீர்த்தது 1761-ல். அந்த ஜனவரியில் பாண்டிச்சேரி கைக்கு வந்ததும், பிரெஞ்சுக்காரர்களின் லூயி கோட்டையை அடியோடு தகர்த்தார்கள். பாண்டியில் கோட்டை எங்கே என்று கேட்டால் பாரதி பூங்காவைக் காட்டுவதும், கடலூரில் கேட்டால் முள்காட்டைக் காட்டுவதும் ஒரே கணக்கின் வரவும் செலவும்தான். அதனால் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்ப்பதே சரி.

பாண்டியிலிருந்து கடலூர் 22 கி.மீ. சொச்சம். பஸ் அடிக்கடி இருக்கிறது. இங்கே பலரும் செய்யும் தப்பு, கடலூர் பஸ் ஸ்டாண்ட் வரை டிக்கெட் எடுப்பது. பஸ் ஸ்டாண்ட் இருப்பது திருப்பாதிரிப்புலியூரில், கெடிலத்துக்குத் தென்கரையில். கோட்டையோ வடகரையில். பாண்டியிலிருந்து வரும் பஸ் தென்பெண்ணைப் பாலம் தாண்டி, ஆல்பேட்டை வழியாக மஞ்சக்குப்பம் வந்த பிறகுதான் கெடிலத்தைக் கடக்கும். மஞ்சக்குப்பத்திலேயே இறங்கி ஆட்டோ பிடித்தால் ஆற்றை இரண்டு முறை தாண்டும் வேலை மிச்சம். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாலும் குடி முழுகாது, அங்கிருந்து தேவனாம்பட்டினத்துக்கு டவுன் பஸ் உண்டு. ரயிலில் வருகிறவர்கள் கடலூர் துறைமுகம் சந்திப்பில் இறங்காமல் திருப்பாதிரிப்புலியூரில் இறங்க வேண்டும். துறைமுகம் ஸ்டேஷன் பழைய கடலூர்ப் பட்டணமான முதுநகர்ப் பக்கம், அங்கிருந்து கோட்டைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். பாண்டியிலிருந்து கடலூருக்கு நேர் ரயில் பாதை கிடையாது. விழுப்புரம் போய்ச் சுற்றி வருவது வீண் வேலை.

ஒரு எச்சரிக்கை. ஆல்பேட்டையில் சோதனைச்சாவடி இருக்கிறது. பையில் பாண்டி பாட்டில் இருந்தால் கோட்டை பார்க்கும் திட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் தூங்க வேண்டாம். இந்தச் சாலையே பாதி அருங்காட்சியகம். அரியாங்குப்பத்தில் ஆற்றைத் தாண்டுகிறீர்களே, அந்த ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சிறு காவல்கோட்டை வைத்திருந்தார்கள். 1748 ஆகஸ்டில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி போஸ்கவன் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து பெரும் படையோடு பாண்டியை முற்றுகையிடக் கிளம்பினார். போகிற வழியில் இந்தச் சின்ன அரணில் மாட்டிக்கொண்டு நாள்களை வீணடித்தார். ஆங்கிலேயத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் பிரெஞ்சுக்காரரிடம் கைதியானதும் அரியாங்குப்பத்தில்தான். அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ள, பாண்டியை எடுக்காமலே படை திரும்பியது. இன்னும் தெற்கே போனால் சாலைக்கு மேற்கே உள்ளே தள்ளி பாகூர். 1752-ல் அதே லாரன்ஸ் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த இடம். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று கண்டக்டர் கூவுகிற நிறுத்தங்களுக்கு நடுவே இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகள் பதினைந்து வருஷம் மாறி மாறி நடந்திருக்கின்றன.

மஞ்சக்குப்பத்தில் ஆட்டோக்காரரிடம் 'செயின்ட் டேவிட் கோட்டை' என்று சொன்னால் பாதிப் பேர் யோசிப்பார்கள். சிலர் தேவாலயத்துக்கு ஓட்டிப்போகவும் கூடும். 'தேவனாம்பட்டினம், பெரியார் ஆர்ட்ஸ் காலேஜ் தாண்டி, கெடிலம் முகத்துவாரம் பக்கம்' என்று சொல்லுங்கள், புரிந்துவிடும். போன் மேப்பை மட்டும் நம்பினால் நேரே சில்வர் பீச் வாசலில் கொண்டுபோய் விடும் வாய்ப்பு அதிகம். அப்படி ஆனாலும் பெரிய நஷ்டமில்லை, கடற்கரையிலிருந்து தெற்கே ஆற்றுமுகம் நோக்கி வர வேண்டும், அவ்வளவுதான். திரும்புவதற்கும் அதே ஆட்டோவைப் பேசி நிறுத்திக்கொள்வது நல்லது. காத்திருப்புக்கு எவ்வளவு என்பதை ஏறும்போதே பேசிவிட வேண்டும். இடிபாடு உள்ள பகுதியில் வேலியோ மதிலோ கதவோ குறுக்கிட்டால் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள். கேட்டால் பெரும்பாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. கேட்காமல் போனால் சுளிப்பார்கள், அதுவும் நியாயம்தான்.

வந்ததும் செங்கல்லைத் தேடி ஓடாமல் ஐந்து நிமிடம் திசையைப் பாருங்கள். தெற்கே கெடிலம், கிழக்கே உப்பங்கழியும் அதைத் தாண்டிக் கடலும். இரண்டு பக்கம் தண்ணீர் காவல். எதிரி வர வேண்டுமானால் வடக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோதான் நிலத்தில் வர முடியும். சின்னக் கோட்டைதான், ஆனால் சின்னக் கோட்டைக்கு இதைவிட நல்ல மூலை இந்தக் கரையில் கிடைப்பது கஷ்டம். துறைமுகம் எங்கே என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் துறைமுகம் என்ற ஒன்றே கிடையாது. அலை உடைகிற கரை, மணல் அடி. கப்பல்கள் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில் கரைக்கு வரும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைப் படகு அது. அலையில் தரை தட்டும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். கோட்டையின் வேலை கப்பல் நிற்கும் இடத்தையும் இந்தப் படகு வரும் வழியையும் பீரங்கி எட்டும் தூரத்தில் வைத்திருப்பது. ஆனால் கப்பலைப் புயலிடமிருந்து காப்பாற்ற எந்தக் கோட்டையாலும் ஆகாது. 1749 ஏப்ரலில் அடித்த புயலில் 'நாமூர்' என்ற பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்தக் கரையோரம் மூழ்கி, 500 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். புயலென்றால் ஐப்பசி கார்த்திகைதான் என்று நினைக்கிற நமக்கே சித்திரைப் புயல் ஒரு பாடம்.

ஆற்றுமுகம் இன்று இருக்கும் இடத்தில்தான் 1750-லும் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கரையோர நீரோட்டம் மணலை இழுத்துக்கொண்டே போகும். கோடையில் ஆற்றில் தண்ணீர் குறையும்போது முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும், வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு வேறு இடத்தில் வாய் திறக்கும். பழைய வரைபடத்தை போனில் வைத்துக்கொண்டு பொருத்திப் பார்க்கிறவர்கள் குழம்புவது இதனால்தான். வரைபடத்தை ஆற்றோடு பொருத்தாமல் முதுநகரோடு பொருத்துங்கள், ஊர் நகரவில்லை.

இனி சுவர். பழைய சுவர் எது, பிற்காலத்துக் காம்பவுண்டு எது என்று பிரித்தறிவது சுலபம். பழைய செங்கல் மெல்லிசு, இன்றைய சூளைக் கல்லின் கனம் இருக்காது. இடையில் உள்ள சாந்து வெள்ளை. கிட்டே போய்ப் பார்த்தால் அதில் அரையும் குறையுமாக நீறாத கிளிஞ்சல் துணுக்குகள் மினுங்கும். கடற்கரையில் சுண்ணாம்புக்கல் ஏது, கிளிஞ்சலைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு. சாந்து சாம்பல் நிறமாக இருந்தால் அது சிமென்ட், உங்கள் தாத்தா காலத்துக்கு இந்தப் பக்கம். இன்னொரு வேடிக்கையும் உண்டு: பல இடங்களில் கல் கரைந்துபோய்ச் சாந்து மட்டும் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக நிற்கும். உப்புக்காற்று செங்கல்லின் துளைக்குள் ஈரத்தோடு நுழைகிறது. வெயிலில் ஈரம் போய் உப்பு படிகமாகிறது. படிகம் வளர இடமில்லாமல் கல்லின் முகத்தை உள்ளிருந்து பொடியாகத் தள்ளுகிறது. சாந்து கெட்டி, தாங்குகிறது. கல் மெத்து, உதிர்கிறது. விரலால் தடவினாலே செந்தூள் ஒட்டும். அதனால் தடவாதீர்கள். சாய்ந்து நின்று செல்ஃபி எடுக்கவும் வேண்டாம், இந்த நிலைக்கு வந்த சுவருக்கு ஒரு ஆளின் பாரமே அதிகம்.

யாராவது நல்ல மனசோடு இதற்குச் சிமென்ட் பூசிக் காப்பாற்றலாம் என்று சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிடுங்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய உப்பு பூச்சோடு சேர்த்துக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. பூச்சைவிட அவசரம் மரம். மதில் விரிசலில் முளைத்திருக்கும் அரசங்கன்றும் ஆலங்கன்றும் இன்று பார்க்க அழகு, வேர் தடிக்கத் தடிக்க ஆப்பு அடித்ததுபோலத்தான். பிடுங்கினால் சுவரும் வரும். வெட்டி, அடி வேரை அழித்து, இடைவெளியைச் சுண்ணாம்பால் அடைப்பதுதான் முறை. கவனிக்க ஆள் இருந்தால் நடக்கும்.

சுரங்கம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், கதையும் நிறைய. செஞ்சி வரை போகிறது, பாண்டி வரை போகிறது, குதிரையில் போவார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். ஒன்றும் இல்லை. இந்தக் கடலோர மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். நடுவே தென்பெண்ணை வேறு. உண்மை அதைவிடச் சுவாரசியம். மதிலுக்கும் அகழிக்கும் வெளியே, எதிரி ஏறி வர வேண்டிய சரிவான மண்மேட்டின் அடியில், கோட்டையைச் சுற்றி ஒரு நிலவறைப் பாதை ஓடியது. அதிலிருந்து அங்கங்கே செங்கோணத்தில் வெளிப்பக்கம் கிளைகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் வெடிமருந்து அறை. எதிரி மேட்டில் ஏறி நின்று பீரங்கி மேடை கட்டினால் காலடியிலேயே வெடிக்க வைக்கலாம். தென்கிழக்கு மூலையில் ஒரு வழி கடலோரத்துக்கும், தென்மேற்கில் ஒன்று ஆற்றுப் பக்கமும் போனதாகப் பழைய அரசுக் குறிப்புகள் சொல்கின்றன. இந்தக் கோட்டையின் தனி அடையாளமே இதுதான். இத்தனை ஏற்பாடும் லாலியின் முன்னால் நிற்கவில்லை என்பது வேறு விஷயம். கண்ணில் பட்ட பொந்துக்குள் எல்லாம் டார்ச் அடித்துக்கொண்டு இறங்காதீர்கள். வளைவுக் கூரையின் சாந்து செத்துப்போயிருக்கும், காற்று ஓடாது, பாம்பு நிச்சயம். மழைக்குப் பிறகு முழங்கால் தண்ணீரும் நிற்கும். வாசலில் நின்று பார்த்தாலே வளைவு கட்டிய விதம் தெரிகிறது.

கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்த கதையை இங்கே நின்று கேட்டால்தான் ருசி. 1690-ல் இதை அவர்களுக்கு விற்றவர்கள் செஞ்சியில் இருந்த மராத்தியர்கள். சிவாஜியின் மகன் ராஜாராம் அப்போது செஞ்சியில், முகலாயப் படை வெளியே, கையில் பணமில்லை. மதராஸில் கவர்னர் எலிஹு ஏல். பேரத்தில் கோட்டையோடு, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி. அதன்படி பீரங்கியைத் திசை திசையாகத் திருப்பிச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூர்ப் பட்டணமும் அடங்கிவிட்டது. அப்படி வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர். கடலூரில் குண்டு சாலை இருக்கிறது, குண்டு உப்பலவாடி இருக்கிறது. அந்தப் பேரெல்லாம் இந்தக் குண்டிலிருந்து வந்ததுதான் என்பார்கள் ஊர்க்காரர்கள். நேரம் இருக்கிறவர்கள் டூ வீலரில் உப்பலவாடிப் பக்கம் ஒரு சுற்று போய்வந்து, கோட்டை மேட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். பத்திரத்தை மசியால் எழுதாமல் மருந்தால் எழுதியவர்கள், எவ்வளவு நிலத்தை வளைத்தார்கள் என்பது புத்தகத்தில் படிப்பதைவிட ஓட்டிப் பார்த்தால் உறைக்கும்.

'கிளைவ் கட்டிய கோட்டை' என்று சிலர் சொல்வது தப்பு. கிளைவ் பிறந்ததே 1725-ல், கோட்டை அதற்கு முன்பே பலமுறை திருத்திக் கட்டப்பட்டுவிட்டது. ஆங்கிலேயர் வாங்குவதற்கு முன்பே இங்கே அரண் இருந்தது. 1746-ல் மதராஸ் பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தபோது வேஷம் மாற்றித் தப்பி வந்தவர்களில் இளைஞன் கிளைவ் ஒருவன். அன்றிலிருந்து 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் மதராஸ் அல்ல, இந்தத் தேவனாம்பட்டினம்தான். கிளைவ் இதற்குக் கவர்னராக வந்தது 1756-ல். சில மாதங்களில் கல்கத்தாவை வங்காள நவாப் பிடித்த விவகாரம் வந்து வங்காளம் போய்விட்டார். கிளைவை விட இங்கே நினைக்க வேண்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். குண்டின் வேகத்தை ஊசலால் அளக்கும் கருவியைக் கண்டுபிடித்த கணித அறிஞர். கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்து, 1751 ஜூலையில் இங்கேயே இறந்துபோனார். பீரங்கி விஞ்ஞானத்துக்கு அடித்தளம் போட்டவர், பீரங்கியால் அளந்து வாங்கிய மண்ணில். அவருக்கு இங்கே ஒரு பலகை வைத்தால் கல்லூரிப் பிள்ளைகளாவது படிப்பார்கள்.

கோட்டையோடு முடித்துக்கொள்ளாமல் முதுநகரையும் பாருங்கள். கம்பெனியின் வியாபாரமும் நெசவாளரும் செட்டிமாரும் இருந்தது அங்கேதான், கோட்டை அதற்குக் காவல். நேர்க்கோட்டில் பக்கம்தான், ஆனால் நடுவில் ஆறு. மஞ்சக்குப்பம் வந்து, பாலம் தாண்டி, திருப்பாதிரிப்புலியூர் வழியாகச் சுற்ற வேண்டும். 1748 ஜூனில் லாரன்ஸ் செய்த தந்திரம் இந்தத் தூரத்தை வைத்துத்தான். பட்டணத்தைப் பிடிக்கப் பிரெஞ்சுப் படை வருகிறது என்று தெரிந்ததும், பகலில் எல்லாரும் பார்க்கப் பட்டணத்துப் பீரங்கிகளையும் ஆள்களையும் கோட்டைக்குக் கொண்டுபோனார். இருட்டியதும் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். காலியான ஊர் என்று நம்பி நடுராத்திரி ஏணியோடு வந்தவர்கள் வாங்கிக்கட்டிக்கொண்டு ஓடினார்கள். 1783-ல் இதே பட்டணத்தில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி உள்ளே, ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட் வெளியே. ஜூன் 13-ல் தரையில் பெரும் சண்டை, 20-ல் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் சமாதானமாகிவிட்டது என்ற செய்தி பிறகுதான் கப்பலில் வந்து சேர்ந்தது. முதுநகரில் பார்க்க மதில் இல்லை. கிளைவ் தெரு என்ற பேர்களும், உப்பனாற்றோரம் மீன்பிடித் துறையும், பழைய குடவுன்களின் சாயலும் உண்டு. ஒரு மணி நேரம் போதும்.

மஞ்சக்குப்பம் மைதானத்தோரம் 'கார்டன் ஹவுஸ்' என்று சொல்லும் பழைய பங்களா, கலெக்டர் வசித்த இடம். அரசுக் கட்டடம், அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது, வெளியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தத் தோட்ட வீட்டுப் பக்கம் 1746 டிசம்பரில் நடந்ததுதான் படையெடுப்புகளிலேயே சிரிப்பு வரவழைப்பது. தென்பெண்ணையைத் தாண்டி வந்த பிரெஞ்சுப் படை தோட்டத்தைப் பிடித்துவிட்டு, துப்பாக்கியைக் கீழே வைத்துச் சமையலில் இறங்கியது. ஆற்காட்டு நவாப் அன்வருதீனின் மகன்கள் குதிரைப்படையோடு வந்து விழ, அடுப்பை விட்டுவிட்டு ஆற்றுக்கு ஓடினார்கள். பாண்டியில் உட்கார்ந்து ஆனந்தரங்கப் பிள்ளை இந்தக் காலத்துச் செய்திகளை நாள்தோறும் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார் என்பதால், தேவனாம்பட்டணம் என்ற பேர் நமக்கு வெள்ளைக்காரன் எழுத்தில் மட்டும் கிடைக்கவில்லை.

நடைமுறைக்கு வருவோம். காலை ஏழுக்குள் இடத்தில் இருக்க வேண்டும், பத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். நிழல் கிடையாது. பத்து மணிக்கு மேல் மணலும் செங்கல்லும் சேர்ந்து தகிக்கும். போட்டோவுக்கும் காலைதான் தோது. தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கையில் வேண்டும், அங்கே கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கழிப்பறை வேலையை பஸ் ஸ்டாண்டிலோ ஓட்டலிலோ முடித்துக்கொண்டு வருவது உத்தமம், பெண்களோடு வருகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. செருப்பு வேண்டாம், கனத்த அடியுள்ள ஷூ போடுங்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். முழங்கால் தெரியும் டிரவுசரும் வேண்டாம். வயதானவர்களை மணலில் நடத்தாமல் ஆட்டோவிலேயே ஆற்றோரம் வரை கூட்டிவந்து காட்டலாம்.

கடலில் இறங்குவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். கணுக்கால் நனைப்பது சரி, அதற்கு மேல் இந்தக் கரை நம்பிக்கைக்குரியது இல்லை. அதிலும் ஆற்றுமுகத்தருகே மணல் திடீரென்று சரியும், ஆற்றோட்டமும் அலையும் இரண்டு பக்கம் இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்தான் முதலில் மாட்டுவார். 2004 சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்ட பாடு ஊரில் எல்லாருக்கும் தெரியும். மீனவர் குடியிருப்புக்குள் கேமராவை நீட்டிக்கொண்டு போகாமல், பேசிவிட்டு எடுத்தால் மரியாதை.

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் இடிபாட்டுப் பக்கம் சேறு, புதர் ஆளுயரம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவும் மாசி மகமும் கடலூருக்குப் பெரிய நாள்கள். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும். கூட்டத்தில் கோட்டைக்கு வழி கிடைக்காது. அன்றைக்கு சாமியைப் பார்த்துவிட்டு, கோட்டையை வேறு நாளுக்குத் தள்ளிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையும் சில்வர் பீச் நெரிசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சாப்பாட்டுக்கு மஞ்சக்குப்பம் அல்லது திருப்பாதிரிப்புலியூர், மதியம் மீன் சாப்பாடு போடும் மெஸ்கள் நிறைய. வைகாசி வாக்கில் போனால் பண்ருட்டிப் பலா வண்டிகள் கண்ணில் படும், சுளையாக வாங்குங்கள். முழுப் பழம் வாங்கி பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டரும் சும்மா இருக்க மாட்டார்.

சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது தோதான இடமில்லை, ஓடி ஏற ஒன்றுமில்லை. ஏறி இறங்கிப் பார்க்கிற மாதிரிக் கடலோரக் கோட்டைதான் வேண்டும் என்றால் தெற்கே சுமார் 100 கி.மீ. தள்ளித் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் தொடங்கிய டான்ஸ்போர்க் இருக்கிறது, நேரே அங்கே போங்கள். வரலாறு படிக்கிற மாணவர்கள், கட்டடக்கலைக்காரர்கள், உள்ளூர்ப் பேர்களில் ஆர்வம் உள்ளவர்கள், இவர்களுக்குத் தேவனாம்பட்டினம்.

மதியம் பாண்டி திரும்பினால் கணக்கின் மறுபாதியைப் பார்த்துவிடலாம். 1706-ல் கட்டி முடித்த லூயி கோட்டை ஐங்கோணம், பிரான்சின் தூர்னே கோட்டையைப் பார்த்துக் கட்டியது. நின்ற இடம் இன்றைய பாரதி பூங்கா வட்டாரம். புல்தரையும் ஆயி மண்டபமும்தான் இருக்கின்றன, கோட்டையின் ஒரு கல்லைக்கூடத் தரைக்கு மேல் தேட வேண்டாம். பூங்காவை ஒட்டியே புதுச்சேரி அருங்காட்சியகம். அரிக்கமேட்டுப் பொருள்களும், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே படுத்ததாகச் சொல்லும் கட்டிலும் உள்ளே. கடற்கரைச் சாலையின் தென்கோடியில் துய்ப்ளே சிலையாக நிற்கிறார். அவர் பல முறை முயன்றும் எடுக்க முடியாத கோட்டையைத்தான் காலையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. மஞ்சக்குப்பத்தில் உள்ள கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளியும் இரண்டாம் சனியும் விடுமுறை. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை இடைவேளையும் உண்டு. ஞாயிறு கூட்டம். ஆக செவ்வாய், புதன், வியாழன் மூன்றில் ஒன்றில் போங்கள். பாண்டியிலிருந்து ஆறு மணி பஸ்.